பின்னட்டைத் தோணி

ஹாஜறா: கைய எடுங்க தங்கேஸ்வரி! இந்தச் சீட்டக் கிழிக்காம நான் இஞ்சயிரிந்து போகமாட்டன்.

தங்கேஸ்வரி: மெல்லக் கதைங்க டீச்சர்... இது லைப்ரரி. ஆக்கள் வாசிக்காங்க.

ஹாஜறா: கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! என்ட புருஷன்ட புத்தகத்துல எவனோ வெளிநாட்டு நிறுவனத்துக்காரன்ட பேர்... அதுல 'அன்பளிப்பு' வேற! வெக்கமில்லயா?

தங்கேஸ்வரி: சுனாமிக்குப் பிறகு புத்தகம், அலுமாரி எல்லாம் அவங்கதானே தந்த. நான் இஞ்ச லைப்ரேரியன், ஒட்டச் சொன்னாங்க, ஒட்டின. எல்லாப் புத்தகத்துலயும்தான் இருக்கு.

ஹாஜறா: மத்ததெல்லாம் எனக்கென்னத்துக்கு? இது மீராமுகைதீன்ட.

தங்கேஸ்வரி: ஒரே நாவல் நூறு பேருட்ட இருக்கும் டீச்சர். அதோட... சுனாமி அடிச்சு அஞ்சு வருஷமாகப் போகுது. இவ்வளவு நாளும் வராம இண்டைக்கு ஏன்?

ஹாஜறா: அது... இப்பதானே நாட்டுல சண்டை முடிஞ்ச. அத விடுங்க! அவர்ட புத்தகம் எல்லாத்துலயும் பேர்ச்சீட்டு இரிந்த. அச்சுக்கூடத்துச் செபரட்ணம் மரக்கட்டையில வெட்டிக் குடுத்த. ஒரு தோணி, மேல பிறை, கீழ அவர்ட பேர்.

தங்கேஸ்வரி: ஓம்... தெரியும்.

ஹாஜறா: அந்தக் காலத்துத் துரைமார் சிங்கம், வாள் எண்டு குடும்பச் சின்னம் அடிச்சு ஒட்டினாங்களாம். 'நமக்கேது சிங்கம்? வாப்பாட தோணிதான் சின்னம்' எண்டு சிரிப்பார். 'மனுசனுக்கு ஐசி, அடையாள அட்டை போல புத்தகத்துக்கு இது. எங்க போனாலும் ஊட்டுக்குத் திரும்பி வந்திரும்' எண்டு சொல்லுவார்.

தங்கேஸ்வரி: முன்னட்டையத் திறந்து வெளிச்சத்துல பிடிங்க. அன்பளிப்புச் சீட்டுக்குக் கீழ ஒண்டுமில்ல.

ஹாஜறா: முன்னால ஏன் பாக்கிற? அவர் அரபுக் கிதாபு திறக்கிறமாதிரி வலப்பக்கமாத் திறந்து பின்னட்டைக்குள்ளதான் ஒட்டுவார். செபரட்ணமே இதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற.

தங்கேஸ்வரி: அங்கயும் அன்பளிப்புச் சீட்டுத்தானே இருக்கு...

ஹாஜறா: அதத்தான் கேக்கன்! அலுமாரியில அம்பது புத்தகம் இழுத்துப் பாத்திட்டன். எல்லாத்துலயும் ஒரு சீட்டு, முன்னால. இதுல மட்டும் பின்னாலயும் ஒண்டு. ஏன்?

தங்கேஸ்வரி: தவறி... ஒட்டுப்பட்டிருக்கும்.

ஹாஜறா: பொய்! அவர் பின்னால ஒட்டுற எண்டு தெரிஞ்ச ஆள்தான் பின்னால மறைக்கும்.

தங்கேஸ்வரி: ...ஓம். தெரிஞ்சுதான் ஒட்டினன்.

ஹாஜறா: அல்லாஹ்வே! மௌத்தாப்போன மனுசன்ட பேருக்கு மேல... கை கூசல்லயா?

தங்கேஸ்வரி: திறக்கிற நேரமெல்லாம் அந்தப் பேர் என்னப் பாக்குது டீச்சர். வீட்டுல வச்சிருக்க ஏலாம இஞ்ச கொண்டுவந்து போட்டன். இஞ்சயும் ஏலல்ல...

ஹாஜறா: ஏன்? என்ன செஞ்ச நீங்க?

தங்கேஸ்வரி: சுனாமி அண்டைக்குக் காலையில காரைதீவுக்கு எங்கட வீட்டுக்கு வந்தார், இரவல் தந்த இந்தப் புத்தகத்தத் திருப்பிக் கேட்டு. எனக்கு இன்னும் ரெண்டு அத்தியாயம் கிடந்தது. குடுத்திருக்கலாம்... குடுத்திருந்தா அப்பிடியே பஸ் ஏறியிருப்பார். 'வாசிச்சு முடிங்க தங்கச்சி, நான் கடற்கரையில நிண்டுட்டு வாறன்' எண்டார். நானும் சரியெண்டன்.

ஹாஜறா: அப்ப உங்கட ஊட்டுக்குத் தண்ணி வரல்லயா?

தங்கேஸ்வரி: எங்கட வீடு றோட்டுக்கு மேற்கால, தண்ணி வரல்ல. அந்த ரெண்டு அத்தியாயத்த இண்டைக்கும் நான் வாசிக்கல்ல. ஏசுங்க டீச்சர், நல்லா ஏசுங்க. ஆனா ஒண்டுதான் எனக்கு இன்னும் விளங்கல்ல... அடுத்த கிழமை வாங்குறன் எண்டு வீட்ட போயிருக்கலாமே. ஏன் நிண்டார்?

ஹாஜறா: 'நாலு மாசமா அந்தக் காரைதீவுக்காரிட ஊட்டுல கிடக்கு, அந்தப் புத்தகம் இல்லாம இந்த ஊட்டுப்படி மிதிக்காதீங்க' எண்டு... கத்தி அனுப்பினது நான்தான் தங்கேஸ்வரி.