கிளவுஸ் நிறம் மாறிய நொடி

— ...இல்லம்மா சுண்டெலி, திட்டக் கூப்பிடல. உன் வீடியோல ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

— சார், இன்னும் அந்தப் பட்டப்பேர விடலயா? நீங்களா என் வீடியோ பாக்கிறீங்க? உங்ககிட்ட படிக்கிறப்ப நான் போனத் தொட்டாலே முறைப்பீங்களே.

— எங்கிட்ட இப்ப ட்ரெய்னிங்ல இருக்கிற பொண்ணு காட்டினா. கழுத்துக் கட்டி, நெஞ்செலும்புக்குப் பின்னாடி வரைக்கும் இறங்கினது... எலும்ப அறுக்காம கழுத்து வழியாவே எடுத்தியே, அது.

— அதுவா... அத நாப்பதாயிரம் பேர் பாத்துட்டாங்க சார்.

— அவ ஒண்ணு கேக்கிறா. கட்டி வெளிய வர்ற வரைக்கும் உன் கிளவுஸ் வெள்ளை. அடுத்த நொடி தையல் போடுறப்ப பச்சை. நடுவுல என்ன ஆச்சு?

— அது... கிழிஞ்சிருக்கும். மாத்தியிருப்பேன்.

— பக்கத்துல நின்னவன் கிளவுஸும்தான் பச்சையாயிடுச்சு. அவனுக்குமா கிழிஞ்சுது?

— பொல்லாத பொண்ணா இருக்கா. சர்ஜரிய விட்டுட்டு போலீஸ்ல சேரச் சொல்லுங்க.

— விளையாடாத. சொல்லு.

— வெளிய பேஷன்ட்டெல்லாம் காத்திருக்காங்க சார். சாயங்காலம் நானே கூப்பிட்டு—

— சாயங்காலம் வேண்டாம். இப்பவே.

— ஏன் சார் குரல் ஒரு மாதிரி இருக்கு? யாராவது புகார் குடுத்துட்டாங்களா? எனக்கு பயமா இருக்கு.

— உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. ரத்தம் வந்துதா?

— ...வந்துது.

— எங்கேர்ந்து?

— எலும்புக்குப் பின்னாடி. கட்டி வந்ததும் குழி நெறஞ்சிடுச்சு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. விரல உள்ள விட்டு அழுத்திட்டு நின்னேன்.

— நின்னுதா?

— விரல் இருக்கிற வரைக்கும். எடுத்தா மறுபடியும்...

— ம். அப்புறம்? துணி அடைச்சியா? தையலா?

— ரெண்டும் எடுபடல. நெஞ்சு சர்ஜன் ஓடி வந்து எலும்ப அறுத்த பிறகுதான்...

— அறுத்தீங்களா? எலும்பத் தொடவே இல்லன்னு தலைப்பு போட்டிருக்கியேம்மா.

— தப்புதான் சார். ஆள் பொழச்சுட்டார்னு ஒரு தைரியம். எல்லாரும் பாராட்டுறப்ப சொல்ல வாய் வரல. இன்னிக்கே எடுத்துடறேன்.

— ...நெஞ்சு சர்ஜனுக்கு போன் போடுங்க. ஓடுங்க.

— யார்கிட்ட சார் சொல்றீங்க? பின்னாடி என்ன மெஷின் சத்தம்? சார்... அந்தப் பொண்ணு இத நம்பி கத்திய எடுத்துட்டாளா? அவ எங்க?

— எதிர்லதான் நிக்கிறா, போன என் காதுல பிடிச்சுட்டு. காலையிலயே கிளவுஸக் காட்டி வேண்டாம்னு சொன்னாம்மா. நான்தான் கேக்கல... இப்ப இங்க குழிக்குள்ள இருக்கிற விரல் என்னோடது.