மஞ்சப் பொட்டு வெச்ச போல்ட்டு

— அப்ப என்னதான் சொல்ல வர்ற மச்சான்? என் மேல தப்புங்கிறியா?

— நான் யாரையும் சொல்லல மாப்ள. பொறுமையா கேளுங்க. இஞ்சின் ஜாம் ஆயிருச்சு. ரெண்டு பேர் சேந்து கம்பி போட்டு நெம்பிப் பாத்தோம், அசைய மாட்டேங்குது. உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்ல. ஆயில் இல்லாம ஓடுன இஞ்சின் இப்படித்தான் நிக்கும்.

— ஆயில் எங்க போச்சு? வாங்கி முழுசா பதினோரு நாள் ஆகல. நீதான பாத்துச் சொன்ன? பழைய ஜீப்புதான், ஆனா இஞ்சின் மணி மாதிரி இருக்கு, நாலு வீலும் இழுக்குது, கண்ண மூடிட்டு வாங்குங்கன்னு.

— சொன்னேன். இப்பவும் சொல்றேன். அது நல்ல இஞ்சின்.

— நல்ல இஞ்சினு. அதான் மலை ஏறுற மூணாவது வளைவுல கட்டையா நின்னுச்சு. எதுக்க வந்த லாரிக்காரன் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். முப்பது வருஷம் அந்த ரோட்டுல ஸ்டியரிங் புடிச்சவன் நான். என்னையப் பாத்து சிரிச்சுக்கிட்டே இழுக்குறான்.

— ஏங்க, மொதல்ல தண்ணி குடிங்க.

— நீ சும்மா இரு. ஒங்க அண்ணனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத.

— நான் எங்க பேசுனேன்? தண்ணி குடிங்கன்னேன்.

— மாப்ள, இங்க குனிஞ்சு பாருங்க. அடியில ஆயில் சட்டி இருக்கா? அதுல ஆயிலத் தெறந்து விடுற போல்ட்டு ஒண்ணு இருக்கணும். இல்ல. வெறும் ஓட்டைதான் இருக்கு.

— பாத்துட்டேன், பாத்துட்டேன். நீ ஆயில் மாத்துன அன்னைக்கு ஒழுங்கா முறுக்கல. கழண்டு விழுந்துருச்சு. இதுக்கு எதுக்கு இம்புட்டு நேரம் வண்டிக்கடியில படுத்துக் கெடந்த?

— இருபத்தாறு வருஷமா ஷெட் வெச்சிருக்கேன். முறுக்குன ஒவ்வொரு போல்ட்டுக்கும் மஞ்சப் பெயிண்ட்ல ஒரு பொட்டு வெப்பேன். பாதி போல்ட்டு மேல, பாதி சட்டி மேல. போல்ட்டு கொஞ்சம் திரும்புனாலும் பொட்டு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துரும். பொட்டு வெக்காம ஒரு வண்டிய இந்த கேட்டத் தாண்ட விட்டதில்ல. பாப்பாவக் கேளுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அவதான் பிரஷ்ஷோட நிப்பா.

— ஆமாங்க. அப்பல்லாம் பொட்டு நான்தான் வெப்பேன்.

— அண்ணனும் தங்கச்சியும் சேந்து பொட்டு வெச்சு என்னைய வழியனுப்பிட்டீங்க. திங்கக்கெழம காலைல ஆறரைக்கு மேல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு பத்துப் புள்ளைங்கள ஏத்திட்டுப் போகணும். நான் போகலன்னா அந்த ஓட்டம் வேன்காரனுக்குப் போயிரும். அப்புறம் நான் என்ன பண்றது? ஒன் ஷெட்டுல உக்காந்து பொட்டு வெக்கவா?

— ஆயில் போச்சுன்னா மீட்டர்ல செவப்பு லைட்டு எரியும் மாப்ள. ஸ்டார்ட் பண்ணுன ஒடனே எரிஞ்சிருக்கும். எரிஞ்சுச்சா?

— எரியல.

— வீட்டுலேருந்து அந்த வளைவு ஒம்பது கிலோமீட்டர். வழில ஒரு தடவகூட எரியலையா?

— எரியலங்கிறேன்ல. லைட்டு பீஸ் போயிருக்கும். அதையும் நீ பாக்கல.

— சத்தம் வந்திருக்குமே?

— வந்துச்சு. பழைய வண்டி மேடு ஏறுனா சத்தம் வராம தாலாட்டா வரும்?

— வலது பக்க கண்ணாடி எப்ப ஒடஞ்சுச்சு?

— எவனோ ஒரசிட்டுப் போனான். நீ போல்ட்டப் பத்திப் பேசு.

— எங்க வீட்டு கேட்டுத் தூணுதான் அண்ணே அந்த எவனோ.

— ஏய்.

— சரி, லைட்டப் பாத்துருவோம். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மாப்ள, நீங்க ஏறி உக்காருங்க. நான் ஜன்னல் வழியா கைய விட்டு சாவியத் திருப்புறேன். பாத்து, கீழ ஜாக்கி இருக்கு.

— ஆ... ஷெட்டா இது? எதையாவது எடத்துல வெக்கிறியா நீ?

— உக்காந்தாச்சா? திருப்பிட்டேன். எரியுதா?

— இரு.

— எரியுதா மாப்ள?

— எரியுது.

— செவப்பாவா?

— செவப்பாத்தான். இப்ப எரியுது, அன்னைக்கு எரியல. ஒயர் லூசு. விட்டு விட்டு எரியுது. பாத்துக்க, ஒன் வேல லட்சணத்த.

— அண்ணே, போதும்.

— இரு பாப்பா. மாப்ள, சாவி என் சட்டைப் பையில கெடக்கு. நான் இன்னும் போடவே இல்ல.

— ...வெயிலு. மீட்டர் மேல வெயிலு பட்டுக் கூசுது.

— ஷெட்டுக்குள்ள ஏது மாப்ள வெயிலு?

— ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டு என்னையக் குருடனாக்கப் பாக்குறீங்களா?

— ஏங்க, நீங்க வண்டி ஓட்டுன கம்பெனில கண் டெஸ்ட்டுக்கு வரச் சொன்ன வாரந்தான நீங்க வேலைய விட்டீங்க? மேனேஜர் மரியாதையில்லாம பேசிட்டான்னு எங்கிட்டச் சொன்னீங்க. நானும் நம்பி அவன ரெண்டு மாசம் திட்டுனேன்.

— இப்ப எதுக்கு அத இழுக்குற?

— மக மெசேஜ் அனுப்புனா, நீ படி, என் கண்ணாடி உள்ள இருக்குங்கிறீங்க. கண்ணாடி மூக்கு மேல இருக்கு.

— அந்த ரோடு எனக்கு மனப்பாடம்டீ. எங்க ஒடிக்கணும், எங்க கியர் எறக்கணும்னு கையே செய்யும்.

— ரோடு மனப்பாடம் மாப்ள. அதுல குறுக்க ஓடுற புள்ள மனப்பாடமா?

— பேச்ச மாத்தாத. கண்ணு என் கண்ணு. லைட்ட நான் பாக்கல, ஒத்துக்குறேன். போல்ட்டு எப்படிக் கழண்டுச்சு? அத நானா கழட்டுனேன்? ஒன் ஸ்பேனரு, ஒன் பொட்டு. சொந்தத் தங்கச்சி புருஷன் வண்டிக்கே போல்ட்டு முறுக்கத் தெரியாதவன்னு டீக்கடை டீக்கடையா சொல்லுவேன். நாளைலேருந்து ஒன் வாசல்ல ஒரு வண்டி நிக்குதான்னு பாக்குறேன்.

— சொல்லுங்க. எனக்கும் அதுதான் புரியல. சட்டில பாதிப் பொட்டு அப்படியே இருக்கு. தானா ஆடி ஆடிக் கழண்டா மரை தேஞ்சு போயிருக்கும். இது ஸ்பேனர் போட்டுக் கழட்டுன மாதிரி...

— தேடாத அண்ணே. இந்தா.

— என்ன பாப்பா இது?

— போல்ட்டு. மிச்சப் பாதிப் பொட்டு இதுல இருக்கு. நீ வண்டில விட்டுட்டுப் போன பதினேழாம் நம்பர் ஸ்பேனர் போட்டு நான்தான் கழட்டுனேன்.

— நீயா? அடிப்பாவி. நீயாடி?

— படி எறங்குறப்ப கொட்டிக் கெடக்குற ஆயிலப் பாத்துட்டா வண்டிய எடுக்க மாட்டீங்க, அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு, நான்தான் வீணா பயந்துட்டேன்னு நிம்மதியாயிரலாம்னு நெனச்சேன். ஆயிலு மொத்தமும் வாசல்ல கருப்பா கொளம் கட்டி நின்னுச்சுங்க. அதுல கால வெச்சு வழுக்கி, யாருடி இங்க தண்ணி ஊத்துனதுன்னு என்னையத் திட்டிட்டு வண்டில ஏறிப் போனீங்க.