சுவரைப் பார்த்த ஸ்பீக்கர்

— சின்னது போதும் தம்பி. தேயிலத் தோட்டத்து லயத்துக் காம்பரா ஒண்டுக்கு இந்தப் பெரிய அம்ப்ளிபயர் என்னத்துக்கு? கூரைத் தகரம் கழண்டு போகும்.

— பெரிசையே காட்டுங்க மொதலாளி.

— காட்டுங்க, நல்லா காட்டுங்க! கட்டுன பொண்டாட்டிகிட்ட ஆடியிலேருந்து ஒரு வார்த்த பேசாத மனுசன், பதுள டவுனுக்கு வந்து சத்தம் வாங்குறாரு.

— ரெங்கம்மா, கடையில வச்சு ஆரம்பிக்காத.

— வேற எங்க வச்சு ஆரம்பிக்கிறது? லயத்துல நீங்க வாயத் தொறக்குறீங்களா? மொதலாளி, நாளைக்கு நான் தெமோதரைக்குப் போறேன், எங்கம்மா வீட்டுக்கு. இவரு இந்தப் பொட்டியோட குடும்பம் நடத்தட்டும்.

— அல்லாஹ்வே! மகள், இந்தப் புவாத் நானா சாமான் விக்கிறவன், பஞ்சாயத்துப் பேசுறவன் இல்ல. மாடசாமி, ஒங்கட லயத்துல இன்னும் கரண்ட் இல்லதானே?

— இல்லங்க. ஒங்ககிட்ட சார்ஜ் போடுற அந்தக் கார் பேட்டரியிலதான் ஓடணும்.

— அப்ப மேல் தட்டுல உள்ள ஜப்பான் பெட்டிய மறந்துருங்க. வெலையும் ஒத்துவராது, பேட்டரியிலயும் ஓடாது. இந்தப் பெரிசு நானே பாகம் சேத்துப் பூட்டினது. ஒங்கட கேசட் பெட்டிய இதுல கொளுவுங்க, ரெண்டு ஸ்பீக்கர்லயும் வேற வேறயாக் கேக்கும். அதுதான் ஸ்டீரியோ.

— தீவாளி அட்வான்ஸ் மொத்தமும் இதுல கொட்டப் போறாரு. எனக்கு ஒரு சீல இல்ல.

— சீல வேணும்னு நீ கேட்டியா?

— ஒங்ககிட்ட கேக்கவா? கேட்டா விடியுறதுக்குள்ள பெரட்டுக்குப் போயிருமே! ஆடியில ஒரு ராத்திரி, ஒங்ககிட்ட மட்டும் சொன்னேன், ஒங்கம்மா கொழம்புல உப்ப அள்ளிக் கொட்டுறாங்கன்னு. காலையில பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு கூப்பிடுறதுக்கு நிக்கிறேன், பக்கத்து வீட்டுக் கருப்பம்மாக்கா சிரிக்கிறா. “என்ன ரெங்கு, மாமியா கொழம்பு கரிக்குதாமே?” ஊரே சிரிச்சுச்சு. ஒங்கம்மா அன்னைக்குலேருந்து எனக்குச் சோறு போடல. சொன்னது நானு, கேட்டது நீங்க. மூணாவது ஆளு யாரு?

— நான் யாருகிட்டயும் சொல்லல.

— அப்ப கொழம்பு எந்திரிச்சுப் போயி சொல்லுச்சா?

— மொதலாளி, ஸ்பீக்கர் வயரு நீளமாக் கெடைக்குமா?

— பாத்தீங்களா? நான் கேட்டதுக்கு வயரு பதில்!

— வயர் எவ்வளவும் இரிக்கி. ஆனா ரெண்டையும் முன்னால வச்சு, நீங்க நடுவுல ஒக்காந்து கேக்கோணும்.

— இல்லங்க. ஒண்ணு இந்தச் சொவத்துல, இன்னொண்ணு எதிர்ச் சொவத்துல. ரெண்டும் சொவத்தப் பாத்தமாதிரி இருக்கணும்.

— சொவத்தப் பாத்தா? பாட்டு ஒங்களுக்கா, சொவத்துக்கா?

— சொவத்துக்கு.

— மகள், இவர டொக்டர்ட்ட காட்டினீங்களா?

— ஒங்க கடைக்குத்தானே கூட்டியாந்திருக்கேன், பாத்துச் சொல்லுங்க.

— தம்பி, அப்பிடி வச்சா ஒங்களுக்கு ஒண்டும் ஒழுங்காக் கேக்காது. எனக்குத்தான் கெட்ட பேரு. அங்கால வீட்டுக்காரன் காதுதான் அடைச்சுப் போகும்.

— அடைச்சுப் போகும்ல? வேற ஒண்ணும் அவங்க காதுல விழாதே?

— வேற ஒண்டுமெண்டா?

— இந்தச் சொவத்துக்கு அங்கிட்டு எங்கம்மா. அந்தச் சொவத்துக்கு அங்கிட்டு கருப்பம்மாக்கா. சொவரு ரெண்டும் கூர வரைக்கும் போகல மொதலாளி, ஆளு ஒசரத்துக்கு மேல தொறந்து கெடக்கு. இங்க முணுமுணுத்தா அங்கிட்டுப் போயி எறங்குது. இவ அப்பா தோட்டத்துக்குக் காவல் பாக்குற வாச்சரு. தனி வீட்டுல வளந்தவ, வைகாசியிலதான் கட்டிக்கிட்டு லயத்துக்கு வந்தா. இவளுக்கு அது எங்க தெரியும்?

— ஏன், எங்கிட்ட சொல்றதுக்கென்ன?

— எங்க வச்சு சொல்ல? அங்கயா? மலையில நீ கொழுந்து பறிக்கிற எடத்துல, நான் செடி கவ்வாத்து வெட்டுற எடத்துல. இன்னைக்காவது சொல்லலாம்னு பாத்தா, பஸ்ஸுல முன்னால போயி டிரைவர் பக்கத்துல ஒக்காந்துட்ட. பேசுனா பெரட்டுக்குப் போகுது. ஒன்னையப் பாத்து அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்க, நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அதான் பேசல.

— ஆடியிலேருந்து அதுக்குத்தானா?

— பின்ன எதுக்கு?

— தம்பி, ஒங்கம்மா சண்டைக்கு வர மாட்டாவா?

— வரட்டும். வந்தா வாசல் வழியா வருவாங்க. கூர வழியா வர மாட்டாங்கல்ல?

— மெய்தான். அப்ப, மகள் என்ன சொல்றீங்க? சின்னதா, பெரிசா? இல்லாட்டி தெமோதரையா?

— மொதலாளி...

— சொல்லுங்க மகள்.

— கேசட்டுல ஒரு பக்கம் முடிஞ்சா தானாத் திரும்பிக்குமா? இல்ல, இவரு பேசிக்கிட்டு இருக்கையில நான் எந்திரிச்சுப் போயித் திருப்பணுமா?