துவுமாசியின் பாதி

உங்கள் ஊர் மாமரத்தடியில் உட்கார்ந்தால் குமாசி நகரத்தில் கிடைக்காத காற்று கிடைக்கிறது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

விசாரிக்கும் ஊர்த் தலைவர் நானாவிடம் யாரும் நேரே பேசக் கூடாது, அவர் வாயாக இருக்கும் ஒச்சியாமே வழியாகத்தான் பேச வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஒச்சியாமே, உங்களைப் பார்த்தே சொல்கிறேன். நானாவிடம் எடுத்துச் சொல்லும்போது வழக்கம்போல் நீங்கள் கொஞ்சம் மெருகேற்றிக்கொள்ளலாம். சற்று முன் தரையில் மதுவை ஊற்றி முன்னோர்களை அழைத்தீர்கள். பொய் சொல்பவன் வயிறு கலங்கட்டும் என்றீர்கள். எனக்கு ஏற்கெனவே வயிறு சரியில்லை. உண்மையையே சொல்லிவிடுகிறேன்.

நான் ஜெபி. கெஜேட்டியா சந்தைக்குப் பின்னால் முதலாளியம்மா மாமே அஃப்ரியே நடத்தும் அச்சுக்கடையில் இறப்புச் சுவரொட்டி செய்பவன். சுவரொட்டியில் இருப்பவர்களிடமிருந்து இதுவரை புகார் வந்ததில்லை.

கடையில் ஒரே கம்ப்யூட்டர். அதில் விண்டோஸும் நானும் பல வருடம் சண்டையில்லாமல் வாழ்ந்தோம். பிறகு துவுமாசி வேலைக்கு வந்தான். அதோ, அந்தப் பக்கம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். வந்த வாரமே ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்து, தன் பாதியில் லினக்ஸை ஏற்றினான்.

"ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம்ணே. உங்க பக்கம் நான் வரமாட்டேன். ஆனா ஒண்ணு, என் பாதி யாருக்கும் அடிமை இல்ல."

"அப்ப நான் அடிமையாடா?"

"நீங்க இல்லண்ணே. உங்க பாதி."

அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரையில் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். மேலே அவனுடையது, கீழே என்னுடையது. உடனே பதில் சொல்லாவிட்டால் தானாக அவன் பக்கம் போய்விடும். எங்கள் தெருவில் மின்சாரம் போய்ப் போய் வரும். வரும்போதெல்லாம் வாயில் கெங்கே என்னும் சோளமாவு உருண்டையோடு ஓடிவந்து கீழே இறக்கும் பொத்தானை அழுத்துவேன். மாமேவுக்கு அது வேடிக்கை.

"ஏன்யா பேய் துரத்துறாப்ல ஓடுற? ஒரு நாளைக்கு அவன் பக்கம்தான் போயேன். கடிச்சா வைக்கும்?"

இதையெல்லாம் நான் கோபமாகச் சொல்லவில்லை. டிஸ்கில் இடம் குறைவாக இருந்தது. என் கவலை அது ஒன்றுதான்.

அப்போதுதான் நானாவின் அண்ணன் காலமானார். நாங்கள் ஆளுக்கொரு சுவரொட்டி செய்து வைப்பது, குடும்பத்தார் மறுநாள் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று ஏற்பாடு. துவுமாசி தன்னுடையதை முடித்துவிட்டுச் சாப்பிடப் போனான். அவன் பாதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது வெறும் துப்புரவு. விண்டோஸுக்குள்ளிருந்து பார்த்தால் லினக்ஸ் இருக்கும் பாதிக்குப் பெயர்கூட இராது. பெயரில்லாத ஒன்றை அகற்றுவதில் யாருக்கு என்ன நஷ்டம். நிச்சயமாக அழிக்கலாமா என்று கேட்டது. ஆம் என்றேன்.

அணைத்துப் போட்டேன். பட்டியல் வரவில்லை. என் விண்டோஸும் வரவில்லை. எந்தப் பக்கம் போவது என்று கேட்கும் அந்தப் பட்டியலே அவன் பாதியில்தான் குடியிருந்திருக்கிறது. குடித்தனக்காரனை வெளியே தள்ளினேன்; வாசற்கதவையும் கையோடு கொண்டுபோய்விட்டான்.

கதவை மட்டும் திரும்ப மாட்டியிருக்கலாம் என்று துவுமாசி பிற்பாடு சொன்னான். அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விண்டோஸ் குறுந்தகட்டைப் போட்டு, டிஸ்க் முழுவதையும் துடைத்துப் புதிதாக நிறுவினேன். இறந்தவரின் படமும் அதோடு போயிற்று.

மாமே அவனைத்தான் பிடித்துக்கொண்டார். "உன் சுதந்திரம் என் கடையையே தின்னுடுச்சேடா. கிளம்பு, இனிமே இந்தப் பக்கம் தலை வெக்காத." பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். பேசவில்லை.

படத்தை மறுபடி கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். என் தொழிலில் முகங்கள் ஒவ்வொரு சனிக்கிழமை இறுதிச் சடங்குக்கும் மாறும், நினைவில் நிற்காது. முகநூலில் உங்கள் ஊர்த் திருவிழாப் படம் ஒன்று கிடைத்தது. தோளில் துணி போர்த்திய இரண்டு பெரியவர்கள். ஒருவர் நானாவின் அண்ணன் என்று போட்டிருந்தது. எந்தப் பக்கம் இருப்பவர் என்று இல்லை. இருவரில் யார் அதிகம் தளர்ந்திருந்தாரோ அவரை வெட்டி எடுத்துக்கொண்டேன்.

அது நீங்கள், ஒச்சியாமே. இந்த இடத்துக்கு மெருகு வேண்டாம்.

குடும்பத்தார் அச்சுக்கு முன் பார்க்கத்தான் செய்தார்கள். சுவரொட்டியில் போடும் துக்கம் காப்பவர்கள் வரிசையில் யார் பெயர் முன்னால் என்று தகராறு வந்ததில் முகத்தை யாரும் பார்க்கவில்லை. மாம்போங் சாலை நெடுக ஒட்டினோம். உங்கள் மைத்துனர்கள் துக்கத்துக்கான கறுப்பும் சிவப்பும் உடுத்தி, ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தார்களாம். கதவை நீங்களே திறந்தீர்களாம். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"நானா ஒரு கேள்வி கேக்குறாரு," என்கிறீர்கள். "அந்தப் பையன் பாதியில என்ன இருந்துச்சுன்னு நெசமாவே உனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னால நான் ஒண்ணு கேக்குறேன். நான் அவ்வளவு தளர்ந்தா போயிட்டேன்?"

படத்தில் மட்டும்தான், ஐயா.

நானாவின் கேள்விக்குத்தான் முன்பே பதில் சொல்லிவிட்டேனே.

என் வயிறு இரைகிறது. உங்களுக்கும் கேட்டிருக்கும். ஆகவே ஒரு சிறு திருத்தம். அழிப்பதற்கு முன் அவன் பக்கம் போனேன். கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டும் பழக்கம் அவனுக்கு உண்டு. சுவரொட்டி அங்கே இருந்தது. நான் செய்ததைவிட நன்றாக இருந்தது. மூலையில் சிறிய எழுத்தில் செய்தவர்கள் பெயர் போட்டிருந்தான். என் பெயரை முதலில் போட்டு, தன் பெயரைக் கீழே போட்டிருந்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும், டிஸ்கில் இடம் குறைவாகத்தான் இருந்தது.