எனக்காக அக்கா பேசுவாள்

ஒயினைப் பொழுது சாயும் நேரத்தில்தான் ருசி பார்க்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் கட்சி. உச்சி வெயிலில் குடித்தால் நாக்கு தூங்கிவிடும், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் பொய் சொல்லும் என்பார். பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் பதினெட்டு வருஷம் சமையல் செய்தவர் அவர். அந்தத் துரை தன் தேசத்துக்குத் திரும்பியபோது அப்பாவுக்குக் கிடைத்தவை, நீளக் கால் வைத்த கண்ணாடிக் கோப்பைகள் ஆறும் இந்தப் பைத்தியமும்தான். ஊருக்கு வந்து அரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டார். பந்தலுக்கடியில் உட்கார்ந்தால் எதிரே கல்வராயன் மலை. அதற்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது எல்லோர் முகமும் பழுத்த மாதிரி இருக்கும். அழகான இடம், ஐயா. நீங்கள் கேஸ் விஷயமாக வந்ததால் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என் பேர் எழில்மதி. ராஜாங்கத்தின் இரண்டாவது பெண். வயசு பதினேழு. இவ்வளவு சரளமாகப் பேசுகிறேனே என்று உங்கள் ஏட்டையா ஆச்சரியமாகப் பார்க்கிறார். அவர் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர், அவருக்குத் தெரியும். நான் பேசாத பெண். எனக்காக அம்சவள்ளி அக்கா பேசுவாள்.

அம்மா இல்லாத வீடு எங்களுடையது. கடையில் நான் தேங்காய் பத்தையைப் பார்த்தால் அக்கா கேட்டு வாங்குவாள். காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் எனக்கு எங்கே வலி என்று அக்கா சொல்வாள். ஒருதரம்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே மூங்கில் தட்டிதான். வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா "உள்ளேன் ஐயா" என்பாள். வாத்தியாரும் பழகிப்போய் டிக் அடித்துவிடுவார். அக்கா பத்தாவது முடித்து நின்றாள். அடுத்து பள்ளி திறந்த அன்று வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டார். தட்டிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. நான் முன்னாலேயே உட்கார்ந்திருக்க, ஆப்சென்ட் போட்டார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதோடு படிப்பு முடிந்தது. வருத்தமில்லை. வீட்டில் அக்கா இருந்தாள்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் நடந்ததே, அதில் மூன்றாவது நாள். பஸ் கிடையாது. ரோடெல்லாம் புளியமரம் படுத்திருந்தது. ஊரே லீவு விட்ட மாதிரி, பிள்ளைகள் நடுரோட்டில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்வேந்தன் என்கிறவர் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் சூப்பர்வைசர். கச்சிராயபாளையத்தில் தன் சித்தி வீட்டுக்கு வந்தவர் மறியலில் மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு அவரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா இருக்கும் நேரத்தில் பெண்ணையும் பார்த்துவிட்டு, அப்பாவின் ஒயினையும் ருசி பார்த்துவிட்டு வரலாமே என்று, யாரிடமோ மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி மூன்று மணிக்கே வந்துவிட்டார். ஏரிக்கரை ரோடு வழியாகத்தான் வந்தார். அப்போது அது நன்றாக இருந்தது.

ஐந்து மணிக்கு நான் பின்கட்டில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தங்கதுரை வந்து நின்றான். தோளில் கடப்பாரை, உடம்பெல்லாம் மண். மறியல் பையன்களுக்கு அவன்தான் தலை.

"எழிலு, ஏரிக்கர வளைவுல ரோட்ட வெட்டிகீறோம். ஆள் ஒசரப் பள்ளம். முள்ளு வெட்டியாந்து போட்டு மறிக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போவக் கூடாது. உங்க வூட்டுக்கு வந்தவர வாய்க்கா பாதையா போச் சொல்லு. சொல்லுவியா, இல்ல வாயத் தொறக்க மாட்டியா?"

நான் தலையாட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான்.

தங்கதுரை என்னிடம் சொன்னது நிஜம்தான் என்று நான் ஒப்புக்கொண்டதும் நீங்கள் எழுதிய தாளில் "கூச்ச சுபாவத்தால் தகவலைத் தெரிவிக்கத் தவறினார்" என்று இருக்கிறது. அதில் ஒரு பிழை இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

பந்தலுக்கடியில் பெஞ்சு போட்டு நான்கு பீங்கான் ஜாடிகளை வரிசையாக வைத்தோம். சூரியன் மலையைத் தொட்டதும் அப்பா முதல் ஜாடியைத் திறந்தார். வாயில் வைத்து உருட்டிவிட்டுத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது என்றார். பந்தல் வேலைக்கு வரும் அம்மாசி அண்ணனுக்கு இது பொறுக்கவில்லை.

"இன்னா மாமா, வாய் கொப்பளிக்கவா அஞ்சு மாசம் ஊற வெச்சே? அந்தத் துப்புற பங்க இப்டி என் கிளாஸ்ல வுடு."

எல்லோரும் சிரித்தோம். தமிழ்வேந்தன் ஒழுங்காகத் துப்பினார். இரண்டாவது ஜாடி புளிப்பு என்று நேர்மையாகச் சொன்னார். மூன்றாவதை வெகுநேரம் வாயில் வைத்திருந்து, "மழை பேஞ்சி நின்ன மண்ணு மாரி கீதுங்க" என்றார்.

அக்கா முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "மண்ணு துன்ற பழக்கம் உண்டா உங்களுக்கு? மொதல்லயே சொல்லிடுங்க" என்றாள்.

"உங்க வூட்டு மண்ணுன்னா துன்னலாம்."

"அப்பா, இந்த ஆளு அரை ஏக்கரையும் துன்னுட்டுதான் போவாரு போல."

நல்ல மனிதர். பொருத்தமான ஜோடி என்பது எனக்கே தெரிந்தது. நான் அதில் குறை சொல்லவில்லை.

நான்காவது ஜாடியை நான்தான் ஊற்றினேன். அவர் என்னைப் பார்த்து, "பாப்பா இன்னா சொல்லுது? இதுல எது நல்லா கீது?" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது முதல் ஜாடி. அவளுக்கு அது தெரியும்.

அக்கா சிரித்தாள். "அவளே சொல்லுவா, கேளுங்க. நான் போய்ட்டா அப்பறம் யாரு இவளுக்காகப் பேசறது?"

பதினேழு வருஷத்தில் முதல்தடவை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மாசி அண்ணன்கூடக் குடிப்பதை நிறுத்திவிட்டார். வாத்தியார் என் பேரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்த அதே மாதிரி இருந்தது. நான் ஜாடியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சூரியன் போய், மலை மட்டும் கறுப்பாக நின்றது. அப்பா அவரை இருந்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார். ஆனால் நிச்சயம் ஆகாத மாப்பிள்ளை பெண் வீட்டில் ராத்தங்குவது வழக்கமில்லை. அவர் கிளம்பினார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முள் சுமந்துகொண்டு திரும்பி வந்த தங்கதுரைதான் பள்ளத்தில் வண்டியை முதலில் பார்த்தான். கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் போட்ட மரங்களையே அவர்கள் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. கச்சிராயபாளையம் எட்டுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

தங்கதுரையைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். எழிலிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன் என்று அவன் சொன்னபோது, சுவரிடம் சொன்னேன் என்றது போலச் சிரித்தீர்களாம். அவனுடைய அம்மா காசியம்மாள் தினமும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து, "ஒரு வார்த்த சொல்லும்மா, எம் புள்ள சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லு" என்று அழுகிறாள். அது அக்காவுக்குத் தொந்தரவாக இருக்கிறது. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அக்கா அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை. அப்பாவிடம் இரண்டொரு வார்த்தை பேசுகிறாள். என்னைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறாள். துக்கம் அப்படித்தான் செய்யும். பரவாயில்லை, இப்போது அவளுக்காக நான் பேசுகிறேன். கடையில் நான் கேட்டு வாங்குகிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். அவளுக்கு எப்போது பசிக்கும், எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். வீடு பழையபடி ஆகிவிட்டது. ஆள்தான் இடம் மாறியிருக்கிறோம்.

இப்போது அந்தப் பிழை. நான் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் படலுக்கு வந்தபோது நான் அங்கே நின்றிருந்தேன். மற்றவர்கள் பந்தலுக்கடியில் இருந்தார்கள். அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, "பாப்பா, ஏரிக்கர ரோடு இன்னும் நல்லா கீதா? மரம் கிரம் போட்டுட்டானுங்களா?" என்று கேட்டார்.

அவளே சொல்லுவா என்று அக்கா சொல்லியிருந்தாள் அல்லவா. சொன்னேன்.

"நல்லாத்தான் கீது மாமா. வந்த வழியே போங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நடுங்கவில்லை. அவர் சந்தோஷத்தில் பந்தல் பக்கம் திரும்பி, "அம்சா, உன் தங்கச்சி பேசிட்டா" என்று கத்தினார்.

பந்தலுக்கடியிலிருந்து அக்கா கைதட்டினாள்.