மாமியாருக்குப் பரீட்சை

— அம்பத்தெட்டா? மேடம், அந்தக் குழாயை வெளிய எடுத்து ஊதிட்டு இன்னொரு தடவை சொருகுங்க. உள்ள சாம்பல் அடைச்சிருக்கும்.

— மூணு தடவை ஊதியாச்சு ஐயா. என் மூக்கைப் பாருங்க, கறுத்துப் போச்சு. மூணு தடவையும் அம்பத்தெட்டுதான். நீங்க போடற கரியில நூறு பங்கு சூடு இருந்தா, அம்பத்தெட்டுதான் தண்ணிக்குப் போகுது. மிச்சம் நாப்பத்திரண்டு சிம்னி வழியா ஆகாசத்துக்குப் போகுது.

— அப்ப நாப்பத்திரண்டு பங்கு கரியை நான் முதுகு ஒடிய அள்ளிப் போட்டது, காக்கா குளிர்காயறதுக்கா?

— நான் சொல்லல. கருவி சொல்லுது. புது எரிசக்திச் சட்டப்படி அறுபத்தஞ்சு இருந்தாத்தான் பாய்லர் ஓடலாம். அதுக்குக் கீழ போனா மூடணும்னு நான் எழுதணும்.

— கருவி இன்னைக்கு வந்தது மேடம். நான் இந்த லாண்டரியில இருபத்திரண்டு வருஷமா இவ வாயில கரி திணிச்சிக்கிட்டு இருக்கேன். இவளுக்கு நாங்க வெச்ச பேரே மாமியார். எவ்வளவு போட்டாலும் பத்தாது, கொஞ்சம் அசந்தா சீறுவா, ராத்திரி லீவு எடுத்தா மறுநாள் முகம் குடுக்க மாட்டா. ஆனா ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் போர்வையை ஈரமா அனுப்பினதில்ல. அதை எழுதிக்குங்க.

— அதுக்குக் கட்டம் இல்ல. கொதிகலன் எண்ணுக்குத்தான் கட்டம் இருக்கு. எண் என்ன?

— அவ நெத்தியிலதான் அடிச்சிருக்கு. துணியால துடைச்சுப் பாருங்க. கையை வெச்சுடாதீங்க, தோலோட வரும். ஏன் மேடம், இந்தச் சட்டத்துக்குக் கை தூக்கின ஆளுங்கள்ல ஒருத்தனாவது கரி அள்ளியிருப்பானா?

— எனக்கு எப்படித் தெரியும்?

— நான் டிவியில பாத்தேன். சட்டசபைக்கு வெளிய தார் உருகுது. உள்ள ஏசி குளிரு தாங்காம அத்தனை பேரும் துண்டைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க. போத்தின துண்டுக்குள்ள இருந்து கையை மட்டும் வெளிய நீட்டி, மின்சாரத்தை மிச்சம் பண்ணணும்னு சட்டம் போட்டாங்க. ஒருத்தன் தூக்கத்துலயே தூக்கினான்.

— எங்க கதை தெரியுமா? நான் எழுபத்தோரு பாய்லர் பாக்கணும். ஜீப் தர்றதா இருந்தாங்க. ஜீப் டீசல் குடிக்கும், இது எரிசக்தியை மிச்சம் பண்ற துறைன்னு சொல்லி, இந்தச் சட்டத்தையே காட்டி நிறுத்திட்டாங்க. பதினஞ்சு கிலோ கருவியை மடியில வெச்சுக்கிட்டு பஸ்ல வர்றேன். கண்டக்டர் லக்கேஜுக்குத் தனி டிக்கெட் கேக்கறாரு.

— சரி, உங்க பாடும் பாடுதான். ஆனா நீங்க எழுதிட்டுப் பஸ் ஏறிடுவீங்க. எனக்கு அம்பத்திரண்டு வயசு. கரி அள்றதைத் தவிர ஒரு இழவும் தெரியாது. இவ கொதிக்கிறதாலதான் எங்க வீட்ல உலை கொதிக்குது. இவளை மூடினா நான் எந்த வாசல்ல போய் நிக்கறது?

— புரியுது ஐயா. எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் ரோட்டு முனையில இறங்கிப் பாத்தப்ப சிம்னியில ஒரு பொட்டுப் புகை இல்ல. இன்னைக்கு லீவோன்னு நெனச்சுட்டேன்.

— அதை எழுதுங்க மேடம், அதைத்தான் எழுதணும். ஆபீசர் வர்றாங்கன்னு காத்துக் கதவை விடியக்காலையிலயே முழுசாத் திறந்து விட்டேன். தீ கண்ணாடி மாதிரி எரியுது. எந்த ஊரு பாய்லர்ல புகை இல்லாம பாத்திருக்கீங்க?

— கெட்டுது போங்க.

— எது கெட்டுது?

— கதவை முழுசாத் திறந்தா வேண்டாத காத்தெல்லாம் உள்ள புகுந்து, சூட்டைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு சிம்னி வழியா ஓடிடும். புகை கண்ணுக்குத் தெரியும். சூடு போறது யாருக்குத் தெரியும்? சட்டம் அளக்கச் சொல்றது புகையை இல்ல, சூட்டை. மத்த நாள்ல கதவு எவ்வளவு திறந்திருக்கும்?

— கால்வாசி. அதுக்கு மேல திறந்தா கரி பாழுன்னு முதல் வருஷமே எனக்குத் தெரியும். லேசா, பீடிப் புகை மாதிரி ஒண்ணு போயிக்கிட்டே இருக்கும்.

— அதான் சரியான அளவு. கால்வாசியில வெச்சிருந்தா கண்ணை மூடிக்கிட்டு அறுபத்தெட்டு வந்திருக்கும்.

— நாசமாப் போச்சு. போட்டோ எடுக்கறாங்கன்னு மூச்சைப் பிடிச்சு, மயங்கி விழுந்தவன் மாதிரி ஆயிட்டேன்.

— தெரிஞ்சும் ஏன் திறந்தீங்க?

— முதலாளி சொன்னாரு. இருபத்திரண்டு வருஷத்துல இந்த மூணு படியை இறங்கி அவரு உள்ள வந்ததே இல்ல மேடம். இன்னைக்கு விடிஞ்சும் விடியாம வெள்ளைச் சட்டையோட வந்து நிக்கறாரு. என் தோள்ல கை போட்டாரு. போட்ட கையை எடுத்து என் முதுகுலயே துடைச்சுக்கிட்டாரு, அது வேற. புகையைப் பாத்தா அந்தம்மா கோவிச்சுக்கும், கதவை அகலத் திறந்து வைன்னாரு. கரி பாழாகுமேன்னேன். ஒரு நாள்தானேன்னு அவரும் என்னோட சேந்து கதவுச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்தாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

— ஐயா, கொஞ்சம் இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

— ஏன்?

— போன வாரம் உங்க முதலாளி எங்க ஆபீசுக்கு வந்தாரு. பாய்லர் ஃபெயில் ஆனா புது மெஷினுக்குப் பாதி விலையை அரசாங்கம் தருமான்னு கேட்டாரு. எத்தனைக்குக் கீழ போனா ஃபெயில்னு கேட்டாரு. எந்தெந்தக் காரணத்தால குறையும்னு கேட்டாரு. பயந்துபோய்க் கேக்கறாருன்னு நான் டீ வாங்கிக் குடுத்து எல்லாத்தையும் விவரமாச் சொன்னேன்.

— என்ன மெஷின்?

— கூரை மேல வரிசையாக் கண்ணாடிக் குழாய் பதிப்பாங்க. வெயில்லயே தண்ணி சூடாகும். குறையற சூட்டுக்கு மின்சாரம். கரியே வேண்டாம்.

— கரி வேண்டாம்னா கரி அள்றவனும் வேண்டாம். அதான் செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரு கூரையில டேப்பு பிடிச்சு அளந்தானுங்க. ஒழுகறதை அடைக்கப் போறாங்கன்னு இஸ்திரி போடற பொண்ணுங்க எல்லாம் குதிச்சுதுங்க. அடப்பாவி. என்னை வெச்சே எனக்குக் குழி வெட்டியிருக்கான். அதுவும் நான் கண்ணு கலங்கி நிக்கும்போது.

— குழி இன்னும் மூடல ஐயா. சட்டத்துல மறு அளவு உண்டு. அதை முதலாளி கேக்கணும்னு இல்ல. பாய்லரை ஓட்டறவரு, அதாவது நீங்க, வாயால கேட்டாப் போதும். கதவைக் கால்வாசிக்குக் கொண்டு வாங்க. அரை மணி நேரம் காத்திருக்கேன். அறுபத்தஞ்சைத் தாண்டிட்டா ரெண்டு வருஷத்துக்கு யாரும் இவளைத் தொட முடியாது.

— நான் கேக்கலைன்னா?

— இப்ப கண்டதை எழுதி, கையெழுத்துப் போட்டுட்டுப் போவேன்.

— கேக்காம விடுவேனா? எழுதுங்க. இதோ சங்கிலியை இழுக்கப் போறேன். ரிப்போர்ட்டை நீங்க அவன் கையில குடுக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும். அந்த மூஞ்சியை நான் பாக்கணும்.

— இருங்க, இருங்க. மறு அளவு கேக்கறவங்களுக்கு ஒரு பக்கத்தைப் படிச்சுக் காட்டணும்னு விதி இருக்கு. “மூடப்படும் கொதிகலனில் இறுதி நாள்வரை பணியாற்றியவருக்குப் புதிய கருவியில் பயிற்சியளித்து, ஊதியம் குறையாமல், ஓய்வு பெறும்வரை பணியில் வைத்திருத்தல், அரசின் உதவித்தொகை பெறும் உரிமையாளரின் கடமையாகும்.”

— மனுஷன் பேசற மாதிரி சொல்லுங்க.

— அரசாங்கக் காசுல புது மெஷின் வாங்கினா, உங்களை வெளிய அனுப்ப முடியாது. அனுப்பினா மெஷினைக் கழட்டிக்கிட்டுப் போயிடுவோம்.

— இது அவனுக்குத் தெரியுமா?

— இது முப்பத்தொன்பதாம் பக்கம். உதவித்தொகை நாலாம் பக்கத்துலயே வந்துடும். அதுக்கு மேல அவரு புரட்டின மாதிரி தெரியல.

— அந்த மெஷின்ல ஒருத்தனுக்கு என்னதான் வேலை?

— காலையில கூரைக்குப் போய்க் கண்ணாடிக் குழாயைத் துடைக்கணும். கீழ வந்து ரெண்டு மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதணும்.

— அள்றது?

— கிடையாது.

— இந்த இருமல்?

— அதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல. ஆனா கூரையில நல்லாக் காத்து வரும். என்ன ஐயா, சங்கிலியைப் பிடிச்ச கை அப்படியே நிக்குது? மறு அளவு வேணும்னு எழுதட்டுமா?

— பேனாவை மூடுங்க மேடம். அம்பத்தெட்டே போதுமா, இல்ல கரி போடற கதவையும் திறந்து விடட்டுமா?