இன்னும் வராத வார்த்தை

பெயர்: எடில்மா ரோசா பாரியோஸ். வயது: 54. படிப்பு: மூன்றாம் வகுப்பு வரை. தொழில்: சந்தையில் போயோ என்னும் அவித்த சோளமாவுப் பண்டம் விற்பது. முகவரி: பாரன்கீயா நகரம், ரெபோலோ பகுதி, ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்புறச் சந்து, பச்சைக் கதவு வீடு. வாக்குமூலம் எழுதத் தொடங்கிய நேரம்: காலை 9.40.

நான் மேலே சொன்ன முகவரியில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். பல்கலைக்கழகத்தின் காது, பேச்சு சிகிச்சைப் பிரிவில் கடைசி வருடம் படிக்கும் கேய்லா போலோ என்ற பிள்ளை, என்னிடம் பொருள் வாங்கிக்கொண்டு எனக்குக் காது கேட்காது என்று பொய் அறிக்கை எழுதிக் கொடுத்ததாக, காதுக் கருவி தரும் காப்பீட்டு அலுவலகம் புகார் கொடுத்திருப்பதையும், அதனால் அந்தப் பிள்ளையின் பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதையும் சந்தையில் கேள்விப்பட்டேன். அந்தப் பிள்ளை பொய் எழுதவில்லை. பொய் சொன்னது நான். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள். பெயர் யுர்லேடிஸ் காஸ்தியா பாரியோஸ். அவளும் அதே பிரிவில்தான் படித்தாள். காது கேட்காதவர்களுக்கும் பேச்சு வராதவர்களுக்கும் வைத்தியம் பார்க்கிற படிப்பு. முதல் வருடத்தில் அவளும் இரண்டு தோழிகளும் என் அடுப்படி மேசையில் உட்கார்ந்துதான் படிப்பார்கள். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பார்கள், மெழுகுவர்த்தியை ஏற்றி "ப" சொல்லி அணைப்பார்கள், தெருவில் போகிற சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்துப் பேசச் சொல்லி நோட்டில் குறிப்பார்கள். ஒரு நாள் தொண்டையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் கறிக்கடையில் சொல்லி ஒரு பன்றியின் குரல்வளையைக் காற்றுக்குழாயோடு வாங்கி வந்தேன். யுர்லேடிஸ் அதில் சைக்கிள் பம்பைச் சொருகி அடித்ததும் செத்த பன்றி ஒரு சத்தம் போட்டது. தோழி ஒருத்தி நாற்காலியோடு பின்னால் விழுந்தாள். யுர்லேடிஸ், "பாத்தியாம்மா, அது உன்னத்தான் கூப்பிடுது, சூப்பு வைக்க வேணாம்னு சொல்லுது" என்றாள். நான் சூப்பு வைத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

அதன் பின், அவள் நான்காம் வருடம் படிக்கும்போது ஒரு வேலை வந்தது. காது சோதனையில் ஒரு ஒலிப்பதிவைப் போட்டு, அதில் வரும் வார்த்தைகளை நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு தலைநகரத்துப் பெண் பேசியது. எங்கள் கடற்கரை ஆட்கள் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கித்தான் பேசுவோம். தலைநகரக்காரி எல்லாவற்றையும் கடித்துக் கடித்துப் பேசுகிறாள். கிழடுகளுக்கு அவள் சொல்வது பாதி பிடிபடாமல், நல்ல காதையும் செவிடு என்று எழுதிவிடுகிறார்கள் என்று யுர்லேடிஸ் சொன்னாள். அதனால் ஆசிரியர்கள் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே புதுப் பட்டியல் பதிவு செய்ய முடிவு செய்து, பத்துப் பதினைந்து பேரைப் பேசவைத்துப் பார்த்து, இவள் குரலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மொத்தம் இருபத்தைந்து வார்த்தைகள். பாலம், உப்பு, தட்டு, மணல், ஏணி, கிளி, கயிறு, இப்படிப் போகும். ஒரு மாதம் என்னை வைத்துத்தான் பழகினாள். நான் சோளத் தோகையில் மாவை வைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பேன், அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். நாலு நாளில் எனக்குப் பட்டியல் பாடமாகிவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். அவள் திரும்பி, "முந்திக்காதம்மா. நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் சொல்லு" என்பாள். இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள்.

பதிவு முடிந்தது. அதன் பின் ஐந்தாம் வருடம் தொடங்கி இரண்டாவது மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாவது நாள் இறந்துவிட்டாள். அவளுடைய வெள்ளைக் கோட்டு அப்போது கொடியில் கிடந்தது. இன்னும் மடிக்கவில்லை.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் அவள் எனக்குச் செய்தியை எழுத மாட்டாள், குரலாகப் பேசித்தான் அனுப்புவாள். அதையெல்லாம் தினமும் போட்டுக் கேட்டேன். நாற்பதாவது நாள் போயோ அவிக்கிற பானையின் பக்கம் குனிந்தபோது மேல்சட்டைப் பையிலிருந்து போன் கொதிக்கிற தண்ணீரில் விழுந்தது. கையை விட்டு எடுத்தேன். இந்த வலது கைத் தழும்பு அதுதான். போன் பிழைக்கவில்லை. அவளுடைய போனுக்குப் பூட்டு எண் யாருக்கும் தெரியாது. கடைக்காரப் பையன் திறந்து தருகிறேன், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்றான். திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அழுததாலோ என்னவோ எனக்குக் காதுக்குள் சீழ்க்கை அடிக்கிற மாதிரி இருந்தது. நான்கு வருடமாகியும் அது நிற்காததால், இந்த வருடம் ஏப்ரல் மாதம் பல்கலைக்கழகச் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். அங்கே மாணவர்கள்தான் சோதிப்பார்கள், ஆசிரியை கையெழுத்துப் போடுவார். அந்த முதல் தடவை போனதில் என் மனதில் வஞ்சகம் எதுவும் இல்லை. என்னை யார் என்று சொல்லிக்கொள்ளவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மகளின் பெயரில் அவள் அப்பாவின் குடும்பப் பெயர் முன்னால் வருவதால் என் பெயரை வைத்துத் தெரிய வழியில்லை.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, கதவைச் சாத்தினார்கள். முதலில் விசில் சத்தம் வந்தது, கேட்டபோதெல்லாம் கையைத் தூக்கினேன். அதன் பின் யுர்லேடிஸ் பேசினாள். "நான் சொல்ற வார்த்தைய அப்படியே திருப்பிச் சொல்லுங்க. பாலம்" என்றாள்.

என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. உப்பு, தட்டு, மணல் எல்லாம் போனது. நான் ஒன்றும் சொல்லாததால் வெளியே இருந்த மாணவி எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி முதலிலிருந்து போட்டாள். யுர்லேடிஸ் இன்னும் கிட்டே வந்து பேசினாள். நான் மறுபடியும் சும்மா இருந்தேன். மறுபடியும் கூட்டினாள். இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவள் திரும்பத் திரும்ப வருவாள்.

அதன் பின் மே மாதம் ஒரு தடவையும் ஜூனில் இரண்டு தடவையும் போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாணவர்கள். விசில் சத்தத்துக்கும் கையைத் தூக்குவதை விட்டுவிட்டேன். நான்காவது தடவை சோதித்தது கேய்லா. ஆற்றுக்கு மேல்புறத்து ஊர்க்காரப் பிள்ளை, என் மகளுக்கு நான்கு வருடம் பின்னால் படிக்கச் சேர்ந்தவள். நான் அறையை விட்டு வெளியே வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, "அம்மா, பைய விட்டுட்டுப் போறீங்க" என்றாள், நான் திரும்பிவிட்டேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். தாளின் ஓரத்தில், பேச்சு நன்றாகக் கேட்கிறது, பொய் சொல்ல முடியாத இயந்திரத்தில் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் தெரியும். அந்த இயந்திரத்துக்கு மாதக்கணக்கில் ஆள் காத்திருந்ததால், கடைசி மூன்று சோதனைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஆசிரியை அறிக்கையைக் காப்பீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

காத்திருக்கும் இடத்தில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவர் எலியேசர் என்ற பெரியவர், ஆற்றங்கரையில் வலை பின்னுகிறவர். காதுக் கருவிக்காக எட்டு மாதமாக நடக்கிறார். "எனக்கு ஊர்ப் பேச்சு எதுவும் வேணாம்மா. டோமினோ ஆடறப்ப எதிராளி கடைசிக் கட்டைய மேசைல தட்டுற சத்தம் கேட்டாப் போதும். இப்ப கேக்கலன்னு தெரிஞ்சு மூணு பேரும் சேந்து ஏமாத்துறானுங்க" என்பார். ஆகஸ்டில் எனக்கு இரண்டு காதுக் கருவி வந்தது. அதே நாள் அவரிடம், இந்த வருடத்துக்கு ஒதுக்கியது முடிந்துவிட்டது என்றார்கள். அவருக்கு அது கேட்கவில்லை. என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்று கையால் கேட்டார். நான் கருவிப் பெட்டியைக் கூடைக்கு அடியில் வைத்தேன்.

கருவியை வீட்டில் ஒரு தடவைதான் போட்டேன். தட்டு வைக்கிற சத்தமெல்லாம் தகர டப்பாவில் அடிக்கிற மாதிரி இருந்தது. இதோடு கேட்டால் அவள் குரலும் இப்படி ஆகிவிடும் என்று பேட்டரியை எடுத்துவிட்டேன். செப்டம்பர் மாதம், கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். அன்றும் கேய்லாதான். கருவியை மாட்டிக்கொண்டு அதே அறையில் உட்கார்ந்தேன், இந்தத் தடவை வார்த்தை ஒலிபெருக்கியில் வந்தது. கருவி போட்டிருப்பதால் கேட்கிறது என்று சொல்லலாம், பயம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். மணல் வரைக்கும் வந்தபோது யாரோ சாவி கேட்டு வெளியே கதவைத் தட்டியிருக்கிறார்கள், கேய்லா பதிவை நிறுத்தியிருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. நான் ஏணி என்றேன், கிளி என்றேன், கயிறு என்றேன்.

கண்ணைத் திறந்தபோது கேய்லா அறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "அம்மா, அந்த வார்த்தைய நான் இன்னும் போடவே இல்லையே" என்றாள்.

நான், "அது என் மக" என்றேன்.

அவள் என் காதிலிருந்து கருவியை எடுத்துத் திறந்து பார்த்து, பேட்டரி இல்லாததைக் கண்டு மூடினாள். குழந்தைகள் உட்காரும் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், "பேரு தெரியாதும்மா. முதல் வார்த்தைய வச்சு நாங்க எல்லாரும் பாலம் அக்கான்னுதான் சொல்லுவோம். ஏணிக்கு அப்புறம் ஒரு மூச்சு விடுவாங்க, அது வரைக்கும் எங்களுக்கு மனப்பாடம்." ஆசிரியையிடம் இதைச் சொல்வது தன் கடமை என்றும் சொன்னாள். சொல்லு என்றேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை முழுப் பட்டியலையும் சாதாரணச் சத்தத்தில் போட்டாள். இருபத்தைந்தையும் என் மகள் சொன்ன பிறகே சொன்னேன். முந்தவில்லை. அன்றைக்கே அவள் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை வைத்துத்தான், கடைசியாகச் சோதித்தவள் அவள் என்று அவள் மேலேயே புகார் வந்திருக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு: ஒவ்வொரு தடவையும் ஒரு கூடை போயோ கொண்டுபோனேன், இருந்தவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். அதை லஞ்சம் என்று எழுதினால் வாசல் காவலாளியையும் பெரியவர் எலியேசரையும் சேர்த்து எழுத வேண்டும். பதிவின் நகலைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு: கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு கருவிகளையும் பெட்டியோடு மேசை மேல் வைத்திருக்கிறேன். வேறு காதுக்கு மாற்றி அமைக்கலாம் என்று கேய்லா சொன்னாள். பெரியவர் எலியேசருக்குக் கொடுக்க வேண்டும். வழக்கு முடியும் வரை என் மகளின் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி தலைநகரத்துப் பதிவையே போடுகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவள் பதிவை நிறுத்த வேண்டாம். நான் இனி அந்த அறைக்குள் போக மாட்டேன். எனக்கு நகல் தராவிட்டாலும் சரி, அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு என்ன தண்டனையோ கொடுங்கள். அந்தப் பிள்ளையின் பட்டத்தை விட்டுவிடுங்கள்.

நான் சொன்னது எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை எழுத்தர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, சாதாரணக் குரலில், மின்விசிறி ஓடும்போதே எனக்குப் படித்துக் காட்டினார். முதலிலிருந்து கடைசி வரை கேட்டது. எந்த இடத்தையும் இரண்டாம் தடவை படிக்கச் சொல்லவில்லை.

(கையெழுத்து) எடில்மா ரோசா பாரியோஸ்